ரூட்டிங் அட்டவணையைப் படிப்பதும் எழுதுவதும்: ஓர் அடிப்படை வழிகாட்டி

ஒரு கணினியிலிருந்து புறப்படும் பாக்கெட் எனும் தரவுப் பொதி, நெட்வொர்க்குகளை இணைக்கும் பத்துப் பதினைந்து ரூட்டர்களைத் தாண்டி மறுமுனையைச் சேர்ந்தாலும், அந்த முழுப் பாதையையும் அறிந்த சாதனம் வழியில் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரூட்டரும் தன்னிடம் வந்த பாக்கெட்டின் சேருமிட முகவரியைப் பார்த்து, தன்னிடம் உள்ள அட்டவணையை மட்டும் கொண்டு, இதை அடுத்து யாரிடம் கொடுப்பது என்ற ஒரே முடிவை எடுக்கிறது. முந்தைய ரூட்டர் என்ன நினைத்து அனுப்பியது என்பது அதற்குத் தெரியாது. அடுத்த ரூட்டர் என்ன செய்யப்போகிறது என்பதும் தெரியாது. ஒரு ரூட்டரில் வழியை எழுதிவிட்டு மற்றவற்றுக்கும் அது தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதும், போகும் வழியை அமைத்துவிட்டுத் திரும்பும் வழி தானாக அமைந்துவிடும் என்று நம்புவதும் இதை மறப்பதால் வரும் பிழைகளே. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் பல கோணங்களிலிருந்து செயல்படுத்திப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஐபி பதிப்பு 4 முகவரிகளில் தரப்பட்டுள்ளன.

முதல் முடிவு கணினியிலேயே எடுக்கப்படுகிறது

ரூட்டிங் ரூட்டரில் தொடங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அனுப்பும் கணினியே முதல் முடிவை எடுக்கிறது: சேருமிடம் என் நெட்வொர்க்கிலேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க அது தன் ஐபி முகவரியையும், அதில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கையும் பயன்படுத்துகிறது.

192.168.10.77/26 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். முகவரியில் மொத்தம் 32 பிட்கள். /26 என்றால் முதல் 26 பிட்கள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன, மீதமுள்ள 6 பிட்கள் அதற்குள் இருக்கும் கணினியைக் குறிக்கின்றன. முதல் மூன்று எண்களும் 24 பிட்களை எடுத்துக்கொள்வதால், கடைசி எண்ணில் முதல் 2 பிட்கள் மட்டுமே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை. 77 என்பதை இரும எண்ணில் எழுதினால் 01001101. மாஸ்க்கின் கடைசிப் பகுதி 11000000, அதாவது 192. இரண்டையும் பிட் பிட்டாகப் பொருத்தி, இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால் 01000000 கிடைக்கிறது, அது 64. ஆகவே இந்தக் கணினியின் நெட்வொர்க் 192.168.10.64, அதன் எல்லை 64 முதல் 127 வரை, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகள் 65 முதல் 126 வரை. இந்தக் கணக்கைச் சில முறை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. இணையத்தில் கிடைக்கும் சப்நெட் கணிப்பான்கள் விடையைத் தரும். ஆனால் கோளாறு நேரத்தில் அட்டவணையைப் பார்த்தவுடன் தவறு கண்ணில் படவேண்டுமானால் கணக்கு கைவசம் இருந்தாக வேண்டும்.

சேருமிடம் அந்த எல்லைக்குள் இருந்தால், கணினி ஆர்ப் நெறிமுறை வழியாக அதன் மேக் முகவரியை, அதாவது வன்பொருள் முகவரியைக் கேட்டறிந்து நேரடியாக அனுப்புகிறது. வெளியே இருந்தால், வெளியேறும் வாயிலான ரூட்டர், அதாவது டீஃபால்ட் கேட்வேயின் மேக் முகவரியைக் கேட்டறிந்து அதனிடம் ஒப்படைக்கிறது. கேட்வேயிடம் ஒப்படைக்கும்போதும் பாக்கெட்டில் உள்ள சேருமிட ஐபி முகவரி மாறுவதில்லை. வெளி உறையான ஈதர்நெட் ஃபிரேமின் மேக் முகவரிதான், ஒரு சாதனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு ஹாப்பிலும் புதிதாக எழுதப்படுகிறது. இடையில் நாட், அதாவது ஐபி முகவரி மாற்றம், செய்யும் சாதனம் இல்லாதவரை, இரு முனைகளின் ஐபி முகவரிகளும் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே இருக்கும்.

மேலே சொன்ன கணினியில் /26 என்பதற்குப் பதிலாகத் தவறுதலாக /24 என்று பதிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இணையம் வேலை செய்யும், மற்றக் கிளைகளும் கிடைக்கும், ஆனால் 192.168.10.130 போன்ற பக்கத்து நெட்வொர்க் முகவரிகள் மட்டும் கிடைக்காது. அவை தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாகக் கருதி இந்தக் கணினி கேட்வேயிடம் போகாமல் நேரடியாக ஆர்ப் கேள்வியை அனுப்பும். பதில் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். தொலைவில் உள்ளது கிடைத்து அருகில் உள்ளது மட்டும் கிடைக்காமல் போனால், ரூட்டரைத் தொடுவதற்கு முன் கணினியின் மாஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

அட்டவணையைப் படித்தல்

லினக்ஸில் ‘ஐபி ரூட்’, விண்டோஸில் ‘ரூட் பிரிண்ட்’, சிஸ்கோ ரூட்டரில் ‘ஷோ ஐபி ரூட்’ ஆகிய கட்டளைகள் அட்டவணையைக் காட்டுகின்றன. தோற்றம் வேறுபட்டாலும் ஒவ்வொரு வரியிலும் சாரமாக இருப்பவை மூன்று: எந்த முகவரித் தொகுதி, அதற்கு அடுத்த ஹாப் யார், எந்த இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை) வழியாக வெளியே போக வேண்டும். அந்த வரி எப்படி வந்தது என்பதும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். இன்டர்ஃபேஸுக்கு முகவரி கொடுத்து அது உயிர்பெற்றவுடன் தானாகச் சேர்வது நேரடி இணைப்பு. நிர்வாகி கையால் எழுதுவது ஸ்டாட்டிக் வழி. ரூட்டர்கள் தமக்குள் பேசிக் கற்றுக்கொள்வது டைனமிக் வழி.

ஒரே சேருமிடத்துக்குப் பல வரிகள் பொருந்தும்போது எது வெல்லும் என்பதே அட்டவணையைப் படிப்பதன் மையம். விதி ஒன்றுதான்: முன்னொட்டு, அதாவது முகவரியின் நெட்வொர்க் பகுதி, எது மிக நீளமாகப் பொருந்துகிறதோ அதுவே வெல்லும். ஓர் அட்டவணையில் 0.0.0.0/0, 10.0.0.0/8, 10.20.0.0/16, 10.20.30.0/24 என்று நான்கு வரிகள் இருப்பதாகக் கொள்வோம். 10.20.30.9 என்ற முகவரிக்கு நான்கும் பொருந்தும், /24 வெல்லும். 10.20.31.5 என்பதற்கு /24 பொருந்தாது, ஏனெனில் மூன்றாவது எண் 31. ஆகவே /16 வெல்லும். 10.99.1.1 என்பதற்கு /8. இவை எதிலும் அடங்காத எந்த முகவரிக்கும் 0.0.0.0/0, அதாவது டீஃபால்ட் வழி. டீஃபால்ட் வழிக்கென்று தனியான விதி எதுவும் கிடையாது. அது பூஜ்யம் பிட் நீளமுள்ள முன்னொட்டு என்பதால் எல்லாவற்றோடும் பொருந்தி, எல்லாவற்றிடமும் தோற்கிறது. வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது பொருட்டே இல்லை. ஃபயர்வால் விதிகளை எழுதிப் பழகியவர்கள், மேலிருந்து கீழாக முதலில் பொருந்துவது வெல்லும் என்று இங்கும் எண்ணிவிடுகிறார்கள். ரூட்டிங் அட்டவணை அப்படி இயங்குவதில்லை.

இந்த விதியின் வலிமையை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்ற தொகுதியை இணையத்துக்கு அறிவித்திருந்தது. தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற வழியை உருவாக்கியது. அது உள்ளேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் மேல்நிலை இணைப்பு நிறுவனம் வழியாக வெளியே கசிந்து உலகெங்கும் பரவியது. /24 என்பது /22 என்பதைவிட நீளம் என்பதால், எந்த ரூட்டருக்கும் தயக்கம் இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் செல்லவேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்றன. யூடியூப் தன் பங்குக்கு முதலில் அதே /24 தொகுதியையும், பின்னர் அதைவிட நீளமான இரண்டு /25 தொகுதிகளையும் அறிவித்து எதிர்கொண்டது. நோயும் மருந்தும் ஒரே விதியில் இருந்தன என்பதால்தான், ரூட்டிங் கற்பவர்களுக்கு இந்த நிகழ்வை முதலில் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

ஒரே முன்னொட்டு, ஒரே நீளம், ஆனால் இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து வழி வந்தால் நிலைமை வேறு. அப்போது மூலத்தின் நம்பகத்தன்மைக்குக் கொடுக்கப்பட்ட எண் பார்க்கப்படுகிறது. சிஸ்கோவில் இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்று பெயர். நேரடி இணைப்புக்கு 0, ஸ்டாட்டிக் வழிக்கு 1, ஓஎஸ்பிஎஃப் வழிக்கு 110, ரிப் வழிக்கு 120 (இவ்விரண்டும் பின்னால் வரும் டைனமிக் நெறிமுறைகள்). சிறிய எண் வெல்லும். ஜூனிப்பர் சாதனங்களில் எண்கள் வேறு: ஸ்டாட்டிக் வழிக்கு 5, ஓஎஸ்பிஎஃப் உள்வழிக்கு 10. இரு நிறுவனச் சாதனங்களும் கலந்திருக்கும் இடத்தில் இதை மறக்கக் கூடாது. ஒரே நெறிமுறைக்குள் இரண்டு வழிகள் இருந்தால் மட்டுமே மெட்ரிக் எனப்படும் செலவு ஒப்பிடப்படுகிறது. இந்த இரண்டு எண்களும் எந்த வழி அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. இடம்பெற்ற வரிகளுக்குள் பாக்கெட்டுக்கு எது பொருந்தும் என்பதை எப்போதும் முன்னொட்டின் நீளமே தீர்மானிக்கிறது.

மூன்று ரூட்டர்களில் வழி எழுதுதல்

இப்போது கையால் ஒரு நெட்வொர்க்கை அமைப்போம். ரூட்டர் 1, ரூட்டர் 2, ரூட்டர் 3 ஆகியவை ஒரே வரிசையில் இணைக்கப்பட்டுள்ளன. நடுவில் உள்ள ரூட்டர் 2 இணையத்தோடும் இணைந்திருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் உள் நெட்வொர்க்: முறையே 192.168.10.0/24, 192.168.20.0/24, 192.168.30.0/24. ஒவ்வொரு உள் நெட்வொர்க்கிலும் ரூட்டரின் முகவரி .1 என்று முடிகிறது. ரூட்டர் 1, 2 ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு 10.0.12.0/30, அதில் ரூட்டர் 1 இன் முகவரி 10.0.12.1, ரூட்டர் 2 இன் முகவரி 10.0.12.2. ரூட்டர் 2, 3 ஆகியவற்றுக்கு இடையில் 10.0.23.0/30, ரூட்டர் 2 இன் முகவரி 10.0.23.1, ரூட்டர் 3 இன் முகவரி 10.0.23.2. இணைய இணைப்பில் ரூட்டர் 2 இன் முகவரி 203.0.113.2, இணையச் சேவை நிறுவனத்தின், அதாவது சேவையாளரின் முனை 203.0.113.1. /30 தொகுதியில் நான்கு முகவரிகளே உண்டு, அவற்றில் இரண்டை மட்டும் கொடுக்கலாம் என்பதால் இரு ரூட்டர்களுக்கு இடையே அது அளவாக அமைகிறது. இணைப்பு எண்களில் 12, 23 என்று ரூட்டர் எண்களையே வைத்திருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான்; பிறகு, பாக்கெட் கடக்கும் ரூட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கருவியின் வெளியீட்டைப் படிக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

எந்தக் கட்டளையையும் தட்டுவதற்கு முன், ஒவ்வொரு ரூட்டருக்கும் தனித்தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள்: இது நேரடியாக அறிந்தவை எவை, இது அறியாதவை எவை. அறியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி தேவை. முடிவில் அட்டவணைகள் இப்படி அமையும்.

ரூட்டர் 1:
192.168.10.0/24 – நேரடி இணைப்பு
10.0.12.0/30 – நேரடி இணைப்பு
0.0.0.0/0 – 10.0.12.2 வழியாக

ரூட்டர் 2:
192.168.20.0/24, 10.0.12.0/30, 10.0.23.0/30, 203.0.113.0/30 – நேரடி இணைப்புகள்
192.168.10.0/24 – 10.0.12.1 வழியாக
192.168.30.0/24 – 10.0.23.2 வழியாக
0.0.0.0/0 – 203.0.113.1 வழியாக

ரூட்டர் 3:
192.168.30.0/24 – நேரடி இணைப்பு
10.0.23.0/30 – நேரடி இணைப்பு
0.0.0.0/0 – 10.0.23.1 வழியாக

ஓரத்தில் உள்ள ரூட்டர்களுக்கு வெளியேறும் வழி ஒன்றே என்பதால் டீஃபால்ட் வழி ஒன்றே போதும். நடுவில் உள்ளதற்கு அப்படி இல்லை. எந்தப் பக்கம் எது இருக்கிறது என்று அதற்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

சிஸ்கோ ரூட்டர் 2 இல் முதல் வரியை எழுதும் கட்டளை ‘ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.0.12.1’. லினக்ஸில் அதுவே ‘ஐபி ரூட் ஆட் 192.168.10.0/24 வயா 10.0.12.1’. அடுத்த ஹாப்பாகக் கொடுக்கும் முகவரி, அந்த ரூட்டர் நேரடியாகத் தொடக்கூடிய நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். சிஸ்கோவில் அடுத்த ஹாப்பின் முகவரிக்குப் பதிலாக ஈதர்நெட் இன்டர்ஃபேஸின் பெயரை மட்டும் கொடுத்தும் வழி எழுத முடியும்; ஆனால் அப்படிச் செய்தால் ரூட்டர் ஒவ்வொரு சேருமிட முகவரிக்கும் தனித்தனியாக ஆர்ப் கேள்வி எழுப்பும், எதிர்முனை பிராக்ஸி ஆர்ப் செய்தால்தான், அதாவது பிறருக்காகத் தானே பதில் சொன்னால்தான், பதில் வரும். அதைத் தவிர்த்து, முகவரியை எழுதுவதையே வழக்கமாகக் கொள்ளுங்கள்.

லினக்ஸ் கணினியை ரூட்டராகப் பயன்படுத்தினால் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பு பெரும்பாலான பதிப்புகளில் இயல்பாக 0 என்றே இருக்கும். அதை 1 ஆக மாற்றாதவரை, அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் பிறருக்கான பாக்கெட்டுகளை அது கடத்தாது. மேலும், கட்டளையாகத் தட்டிய வழி மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், அதை நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும்.

திரும்பும் வழியைச் சோதித்தல்

ரூட்டர் 2 இல் 192.168.10.0/24 என்ற வரியை எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, என்ன தெரிகிறது என்று பொறுமையாகப் பார்ப்போம். இந்த ஒரு கோளாற்றை முழுதாகப் புரிந்துகொண்டவருக்கு ரூட்டிங்கில் பாதி தெளிந்துவிடும்.

192.168.10.25 என்ற கணினியிலிருந்து 192.168.20.40 என்ற கணினிக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் அனுப்பப்படுகிறது. கணினி அதை ரூட்டர் 1 இடம் கொடுக்கிறது. ரூட்டர் 1 தன் டீஃபால்ட் வழியில் ரூட்டர் 2 க்கு அனுப்புகிறது. ரூட்டர் 2 க்கு 192.168.20.0/24 நேரடி இணைப்பு என்பதால் பாக்கெட் சேருமிடத்தை அடைந்துவிடுகிறது. மறுமுனைக் கணினி பதிலும் எழுதுகிறது. அந்தப் பதிலின் சேருமிடம் 192.168.10.25. ரூட்டர் 2 தன் அட்டவணையில் தேடுகிறது. அந்த வரி இல்லை. டீஃபால்ட் வழி பொருந்துகிறது. பதில் இணையச் சேவையாளரை நோக்கிப் போகிறது. 192.168 என்று தொடங்குவது தனியார் முகவரி என்பதால் அது அங்கே கைவிடப்படுகிறது. அனுப்பியவரின் திரையில் காலம் கடந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வருகிறது.

அவர் ட்ரேஸ்ரூட் ஓட்டிப் பார்க்கிறார். முதல் வரியில் 192.168.10.1 பதில் தருகிறது. இரண்டாம் வரியிலிருந்து வெறும் நட்சத்திரக் குறிகள். ரூட்டர் 1, 2 ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். இணைப்பு நன்றாகவே இருக்கிறது. ரூட்டர் 2 பாக்கெட்டைப் பெற்று, ‘காலம் முடிந்தது’ என்ற ஐசிஎம்பி (பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தியையும் அனுப்பியது. அந்தச் செய்தியும் அதே தவறான வழியில்தான் போய்த் தொலைந்தது.

அடுத்து, நிர்வாகி ரூட்டர் 1 இல் நுழைந்து, அங்கிருந்தே 192.168.20.40 க்குப் பிங் செய்கிறார். உடனே பதில் வருகிறது. ரூட்டரில் எல்லாம் சரி, கோளாறு உங்கள் கணினியில்தான் என்று பயனரிடம் சொல்லிவிடுகிறார். இது எளிதில் சிக்கக்கூடிய பொறி. ரூட்டரிலிருந்து புறப்படும் பிங், வெளியேறும் இன்டர்ஃபேஸின் முகவரியைத்தான் தன் மூல முகவரியாக எடுத்துக்கொள்கிறது. இங்கே அது 10.0.12.1. அந்த நெட்வொர்க் ரூட்டர் 2 க்கு நேரடி இணைப்பு என்பதால் பதில் சரியாகத் திரும்புகிறது. பயனரின் நிலையைச் சோதிக்க வேண்டுமானால், மூல முகவரி 192.168.10.1 என்று குறிப்பிட்டுப் பிங் அனுப்ப வேண்டும். சிஸ்கோவில் ‘சோர்ஸ்’ என்ற சொல்லையும், லினக்ஸில் பெரிய எழுத்து ‘ஐ’ என்ற விருப்பத்தையும் சேர்த்து இதைச் செய்யலாம். அப்படிச் செய்த கணமே பிங் தோற்கும், கோளாறு வெளிப்படும்.

ட்ரேஸ்ரூட் எப்படி இயங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற 8 பிட் எண் உண்டு. லினக்ஸ் அதை வழக்கமாக 64 என்றும், விண்டோஸ் 128 என்றும் தொடங்குகின்றன. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. பூஜ்யமாகிவிட்டால் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தெரிவிக்கிறது. ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே 1, 2, 3 என்று சிறிய எண்களோடு பாக்கெட்டுகளை அனுப்பி, கைவிட்ட ரூட்டர்களின் முகவரிகளைத் திரட்டுகிறது. ஆகவே அது காட்டுவது போகும் வழியை மட்டுமே. திரும்பும் வழி வேறாக இருக்கலாம். பெரிய நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். இடையில் ஒரு வரியில் மட்டும் நட்சத்திரம் வந்து, அதற்கடுத்த ரூட்டர்கள் பதில் தந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ரூட்டர் ஐசிஎம்பி பதில்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது என்றே பொருள்.

சுழலும் பாக்கெட்டுகள்

ரூட்டர் 3 இருக்கும் இடத்துக்கு, எதிர்கால விரிவையும் கருதி 192.168.32.0/22 என்ற பெரிய தொகுதியை ஒதுக்குகிறோம் என்று கொள்வோம், அது 192.168.32.0 முதல் 192.168.35.255 வரை நீள்கிறது. ரூட்டர் 2 இல் அந்தத் தொகுதி முழுவதும் 10.0.23.2 வழியாக என்று ஒரே வரி எழுதுகிறோம். நான்கு வரிகளை ஒன்றாகச் சுருக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் ரூட்டர் 3 இல் இப்போதைக்கு அந்தத் தொகுதியில் 192.168.32.0/24 மட்டுமே பயன்பாட்டில் இருக்கிறது.

யாரோ 192.168.33.5 க்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறார்கள். ரூட்டர் 2 அதை ரூட்டர் 3 க்கு அனுப்புகிறது. ரூட்டர் 3 இல் அந்த முகவரிக்குத் தனி வரி இல்லை. டீஃபால்ட் வழி பொருந்துகிறது. அது ரூட்டர் 2 ஐக் காட்டுகிறது. பாக்கெட் திரும்பி வருகிறது, மீண்டும் போகிறது. டிடிஎல் தீரும்வரை ஒரே பாக்கெட் அந்த இணைப்பை அறுபது முறைக்கு மேல் கடக்கும். இல்லாத முகவரிகளை வரிசையாகத் துழாவும் ஒரு நிரல் எங்கேனும் ஓடினால், இணைப்பு காரணமே தெரியாமல் நிரம்பி வழியும். ட்ரேஸ்ரூட்டில் 10.0.23.2, 10.0.23.1 என்று இரண்டு முகவரிகள் மாறி மாறி வருவது இதன் தெளிவான அடையாளம்.

தீர்வு எளிது. ரூட்டர் 3 இல் 192.168.32.0/22 என்ற முழுத் தொகுதியையும் கைவிடும்படி ஒரு வரி எழுத வேண்டும். சிஸ்கோவில் நல் 0 என்ற இன்டர்ஃபேஸை நோக்கியும், லினக்ஸில் பிளாக்ஹோல் வகையாகவும் இதை எழுதுவார்கள். பயன்பாட்டில் உள்ள /24 இதைவிட நீளமான முன்னொட்டு என்பதால் அதற்கு எந்தப் பாதிப்பும் வராது. இல்லாத முகவரிகளுக்கான பாக்கெட்டுகள் மட்டும் அங்கேயே நின்றுவிடும். தொகுதியைச் சுருக்கி எழுதும்போதெல்லாம், அத்தொகுதியின் உரிமையாளரான ரூட்டரில் இந்தக் கைவிடும் வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

கையால் எழுதுவது எதுவரை போதும்

மேலே கண்ட மூன்று ரூட்டர் அமைப்புக்கு ஸ்டாட்டிக் வழிகளே போதும். அதில் டைனமிக் நெறிமுறையைப் புகுத்துவது தேவையற்ற சிக்கல் என்பதே என் கருத்து. ரூட்டர் 1, 3 ஆகியவற்றுக்கு இடையே மாற்று இணைப்பு ஒன்றைச் சேர்க்கும் நாளில்தான் நிலைமை மாறுகிறது. சிஸ்கோவில் கூடுதல் டிஸ்டன்ஸ் எண்ணோடு இரண்டாவது ஸ்டாட்டிக் வழியை எழுதிவைத்து, முதல் வழி போனால் அது எழும்படி செய்ய முடியும். ஆனால் முதல் வழி ‘போவது’ என்பது இன்டர்ஃபேஸ் விழுவதைத்தான் குறிக்கும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து, அதற்கு அப்பால் இணைப்பு அறுந்தால், இந்தப் பக்க இன்டர்ஃபேஸ் உயிரோடே இருக்கும்; ரூட்டர் பாக்கெட்டுகளைத் தொடர்ந்து வெறுமைக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

டைனமிக் நெறிமுறைகளில் பழையது ரிப். ஒவ்வொரு ரூட்டரும் தன் அட்டவணையை 30 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து ரூட்டர்களிடம் சொல்கிறது. எத்தனை ஹாப் என்பதே அதன் ஒரே அளவுகோல். 15 ஹாப் வரை செல்லும், 16 என்றால் எட்டாத தொலைவு. இணைப்பின் வேகம் அதற்குப் பொருட்டில்லை. இரண்டு ஜிகாபிட் இணைப்புகளைக் கடந்து போவதைவிட, மிக மெதுவான ஒரே இணைப்பைத்தான் அது தேர்ந்தெடுக்கும். பிறர் சொன்னதை நம்பித் தானும் சொல்வதால் இன்னொரு சிக்கலும் உண்டு: ரூட்டர் 3 இன் உள் நெட்வொர்க் விழுந்தபின், அதே வழியை முன்பு தன்னிடமிருந்து கற்ற ரூட்டர் 2 இன் பேச்சை ரூட்டர் 3 திரும்ப நம்பிவிட்டால், இரண்டும் மாறி மாறி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே 16 வரை போகும். கற்ற பக்கத்திலேயே திருப்பிச் சொல்லாதே என்ற விதி இதைத் தடுக்க வந்ததுதான். இன்று புதிய நெட்வொர்க்குக்கு ரிப்பைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

ஓஎஸ்பிஎஃப் வேறு அடிப்படையில் இயங்குகிறது. ஒவ்வொரு ரூட்டரும் தன்னோடு இணைந்த இணைப்புகளைப் பற்றிய செய்தியை மட்டும் சொல்கிறது; அந்தச் செய்தி மாற்றமின்றி அந்தப் பகுதி முழுவதும் பரவுகிறது; எல்லா ரூட்டர்களும் ஒரே வரைபடத்தைக் கட்டியெழுப்பி, டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட குறுகிய பாதைக் கணக்கைத் தத்தம் இடத்திலிருந்து போட்டுக்கொள்கின்றன. வதந்தி சுழல்வதற்கு இங்கே இடம் குறைவு. இணைப்பின் செலவு, 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்துக் கிடைப்பது. பழைய இயல்பு மதிப்பான அந்த 100 மெகாபிட்டை அப்படியே விட்டால், 100 மெகாபிட், 1 ஜிகாபிட், 10 ஜிகாபிட் ஆகிய மூன்று இணைப்புகளுக்கும் செலவு 1 என்றே வரும். ரூட்டருக்கு அவற்றிடையே வேறுபாடே தெரியாது. எனவே முதல் வேலையாக அந்த அடிப்படை வேகத்தை உயர்த்துங்கள். எல்லா ரூட்டர்களிலும் ஒரே மதிப்பாக வையுங்கள்.

இரண்டு ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்கள் அண்டை உறவு கொள்ளாவிட்டால் பார்க்கவேண்டியவை: ஒரே சப்நெட்டா, ஒரே ஏரியா (பகுதி) எண்ணா, ஹலோ (அண்டைக்கு இருப்பைச் சொல்லும் இடைவெளி) மற்றும் டெட் (ஹலோ வராமல் அண்டை விழுந்ததாகக் கொள்ளும்) நேரங்கள் ஒன்றா, கடவுச்சொல் பொருந்துகிறதா, இரண்டின் ரூட்டர் அடையாள எண்களும் வெவ்வேறா. ஈதர்நெட்டில் இயல்பாக ஹலோ 10 விநாடிக்கு ஒருமுறை, டெட் 40 விநாடி. அண்டை உறவு தொடங்கி, தகவல் பரிமாறும் கட்டத்திலேயே நின்றுவிட்டால், இரு முனைகளிலும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வேறாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்கு இடையே ஓடுவது பிஜிபி. டிசிபி 179 ஆம் போர்ட்டில் அண்டைகளோடு பேசுகிறது. மிகக் குறுகிய பாதை எது என்பதைவிட, யாரிடமிருந்து ஏற்பது, யாருக்கு அறிவிப்பது என்ற கொள்கைகளே அதில் முதன்மை. ஒரே சேவையாளரிடம் ஒரே இணைப்பு வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது; டீஃபால்ட் வழி போதும். இரண்டு சேவையாளர்களோடு சொந்த முகவரித் தொகுதியை அறிவிக்க வேண்டிய நிலை வரும்போது அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போதும் முதலில் கற்கவேண்டியது எதை வெளியே அறிவிக்கக் கூடாது என்பதற்கான வடிகட்டிகளை. 2008 நிகழ்வில் தவறியது அதுதான்.

கோளாறு வரும்போது, வழி மாற்றும்போது

கோளாறைத் தேடும்போது பாக்கெட்டின் கூடவே நடப்பதுதான் சிறந்த முறை. அனுப்பும் கணினியில் முகவரி, மாஸ்க், கேட்வே ஆகியவற்றைப் பாருங்கள். கேட்வேக்குப் பிங் போகிறதா, ஆர்ப் அட்டவணையில் அதன் மேக் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் முதல் ரூட்டரில் நுழைந்து, சேருமிட முகவரியையே கொடுத்து அட்டவணையைக் கேளுங்கள். லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட்’ என்பதோடு முகவரியைச் சேர்த்தால், எந்த வரி பொருந்தியது என்று கண்ணால் தேடாமலே விடை வரும். அது சொல்லும் அடுத்த ஹாப்புக்குச் சென்று அதே கேள்வியைக் கேளுங்கள். சேருமிடம்வரை வந்தபின், மறுமுனையிலிருந்து அனுப்பியவரின் முகவரியைக் கொண்டு அதே நடையை எதிர்த்திசையில் தொடருங்கள். இரண்டு திசைகளிலும் வழி சரியாக இருந்தும் பாக்கெட் போகவில்லை என்றால்தான் ஃபயர்வாலையும், மூல முகவரி வந்த திசையைச் சோதித்துக் கைவிடும் அமைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

சேருமிடம் எட்டவில்லை என்ற ஐசிஎம்பி செய்தி வந்தால் அதை அனுப்பிய முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி இல்லாமல் நிற்கும் ரூட்டர் பெரும்பாலும் அதுவே. காலம் கடந்த நிலை அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் அங்கே திரும்பும் வழியை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொலைவில் உள்ள ரூட்டரில் வழியை மாற்றும்போது, நீங்கள் அதற்குள் நுழைந்திருக்கும் இணைப்பே அந்த வழியில்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால், சிஸ்கோவில் ஓடும் அமைப்பைச் சேமித்துவிட்டு, ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்தபின் மாற்றத்தைச் செய்யலாம். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ரூட்டர் பழைய அமைப்போடு மீண்டு வரும். மாற்றம் சரியாக அமைந்தால் அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுப் புதிய அமைப்பைச் சேமிக்க வேண்டும். ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்பது இதே வேலையை மறுதொடக்கம் இன்றியே செய்கிறது: இயல்பாகப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால், மாற்றத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.